வானமாதேவியை யாராவது கேட்டார்களா?

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை)



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "ஏதாவது எழுதிக் குடு, ஆனா கவிதை மட்டும் வேணாம், ஏற்கெனவே நிறைய வந்து கெடக்கு" என்றார்கள். டிரான்சிஸ்டர் பற்றி எழுதலாம். அதைத்தான் எல்லோரும் பரீட்சையில் எழுதப் போகிறோமே! அதனால் எனக்குப் பிடித்த சரித்திர நாவல்களைப் பற்றி எழுதுகிறேன். அதிலும் குறிப்பாக, அந்த நாவல்களில் நடக்கிற கல்யாணங்களைப் பற்றி.

'சிவகாமியின் சபதம்' படித்துவிட்டு அழாதவர்கள் உண்டா? கல்கி அதை 1944-ல் தொடங்கி 1946 வரை தொடராக எழுதினார். ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமிக்கும் பல்லவ இளவரசர் மாமல்லருக்கும் காதல். புலிகேசி படையெடுத்து வந்து அவளை வாதாபிக்குக் கொண்டு போகிறான். மாமல்லர் வந்து இந்த நகரத்தை எரித்தால்தான் இங்கிருந்து வருவேன் என்று அவள் சபதம் செய்கிறாள். வருஷங்கள் ஓடுகின்றன. மாமல்லர் சொன்னபடியே வாதாபியை அழித்து (சரித்திரத்தில் இது கி.பி. 642 என்கிறார்கள்) அவளை மீட்டு வருகிறார். ஆனால் அதற்குள் அவருக்குப் பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணம் முடிந்து குழந்தைகளும் பிறந்துவிட்டன. அந்தச் சேதி தெரிந்த பிறகு சிவகாமி ஏகாம்பரநாதரையே தன் நாயகனாக வரித்துக்கொண்டு சந்நிதியில் ஆடுகிறாள்.

இதைப் படித்தபோது நானும் அழுதேன். இரண்டாம் தடவை படித்தபோதுதான் ஒரு விஷயம் உறுத்தியது. அந்தப் பாண்டிய ராஜகுமாரிக்கு வானமாதேவி என்று பேர். அவளுக்காக யார் அழுதார்கள்?

வடக்கே சளுக்கியனோடு சண்டை போடப் போகும்போது தெற்கே பாண்டியன் முதுகில் குத்தக் கூடாது. அதற்காகத்தான் தகப்பனார் மகேந்திர பல்லவர் வற்புறுத்தி இந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்கிறார். பாண்டிய நாட்டு எல்லைக்கு ஒரு காவல் தேவைப்பட்டது. அந்தக் காவலுக்கு ஒரு பெண்ணை வைத்தார்கள், அவ்வளவுதான். புருஷன் மனசு வேறொருத்தியிடம் இருக்கிறது, அவளுக்காகத்தான் படை திரட்டுகிறார் என்று தெரிந்தே ஒருத்தி அந்த அரண்மனையில் வாழ்ந்து பிள்ளை பெற்றிருக்கிறாள். கல்கி ஈவு இரக்கம் இல்லாதவர் இல்லை. அவளுக்கும் சில பக்கங்கள் கொடுத்திருக்கிறார். ஆனால் சிவகாமிக்கு நாலு பாகம், வானமாதேவிக்குச் சில பக்கங்கள்! மாமல்லரும்தான் பாவம். அவரையும் யாரும் சந்தோஷமாகச் சம்மதிக்க வைக்கவில்லை. இருந்தாலும் அவருக்குப் போர் இருந்தது, புகழ் இருந்தது, 'வாதாபி கொண்டான்' என்ற பட்டம் இருந்தது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 'பார்த்திபன் கனவு' நாவலில் வருகிற குந்தவி இதே மாமல்லரின் மகள். எதிரி வம்சத்து விக்கிரமனைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொள்கிறாள். அம்மாவுக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கிறது. ஆனால் மகள் கதையைத்தான் கல்கி முதலில் எழுதினார்!

'பொன்னியின் செல்வன்' பற்றிச் சொல்லவே வேண்டாம். 1950 முதல் 1954 வரை வந்த தொடர். 2022-லும் 2023-லும் படமாக வந்தபோது தியேட்டரில் நம் பையன்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் கேட்கிறது. அதில் நந்தினி அறுபது வயது தாண்டிய பெரிய பழுவேட்டரையரைக் கட்டிக்கொள்கிறாள். இதைப் பொருந்தாக் கல்யாணம் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கதையில் கணக்குப் போட்டு, தானே முடிவெடுத்துக் கழுத்தை நீட்டிய பெண் அவள்தான். அரண்மனையும் பல்லக்கும் பனை இலச்சினை மோதிரமும் அவளுக்குப் பழிவாங்கத் தேவைப்பட்டன, எடுத்துக்கொண்டாள். பாவம், ஏமாந்தது கிழவர். உண்மையாகவே அன்பு வைத்தவர் அவர்தான்.

எனக்கு ரொம்ப வருத்தம் மணிமேகலை மேல். கடம்பூர் சம்புவரையர் மகள். அண்ணன் கந்தமாறன் முதலில் தன் சிநேகிதன் வந்தியத்தேவனைப் பற்றி அவளிடம் பெருமையாகச் சொல்லி ஆசையை வளர்க்கிறான். அப்புறம் பெரிய இடம் வருகிறது என்றதும் மதுராந்தகனுக்கு என்கிறான். அதற்கும் அப்புறம் ஆதித்த கரிகாலனுக்கு என்று பேச்சு. மாடு பிடிக்கிற சந்தையில் துண்டுக்குள் விரல் போட்டு விலை பேசுவார்களே, அந்த மாதிரி. கடைசி அத்தியாயத்தில் அவள் செத்துப் போகிறாள். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. குந்தவை மட்டும்தான் சோழ நாட்டை விட்டுப் போகமாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, ராஜ்யமே இல்லாத வாணர் குலத்துப் பையனைத் தேர்ந்தெடுத்தாள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் அவள் வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றுதான் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? சக்கரவர்த்தி மகள், அவள் பேச்சுக்கு அரண்மனையே கட்டுப்பட்டது. மணிமேகலைக்கு யார் கட்டுப்பட்டார்கள்?

"இதெல்லாம் கதைதானே, அந்தக் காலம் அப்படி" என்று சொல்வீர்கள். சரி, நிஜக் கதைக்கு வருவோம்.

ராஜராஜ சோழன் தன் மகளை வேங்கி நாட்டு விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவளுக்கும் குந்தவை என்றே பேர், அத்தை பேரை வைத்திருக்கிறார்கள். அவள் பிள்ளை ராஜராஜ நரேந்திரன் கட்டியது ராஜேந்திர சோழன் மகள் அம்மங்காதேவியை. அவர்கள் பிள்ளைதான் 1070-ல் சோழ சிம்மாசனம் ஏறிய முதலாம் குலோத்துங்கன். அவன் கட்டியது இரண்டாம் ராஜேந்திரன் மகள் மதுராந்தகியை. இதை ஒரு தாளில் வம்சாவளியாகப் போட்டுப் பார்த்தேன். சர்க்யூட் டயகிராம் போடுகிற கைக்கு இது பெரிய வேலையா? போட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. ராஜேந்திரன் நரேந்திரனுக்குத் தாய்மாமன். இரண்டாம் ராஜேந்திரன் குலோத்துங்கனுக்குத் தாய்மாமன். இரண்டு தலைமுறையும் மாமன் மகள்தான்! வேங்கி கை விட்டுப் போகக் கூடாது என்று செய்த சம்பந்தம்.

எங்கள் வீட்டில் வேங்கி இல்லை, ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. அது கை விட்டுப் போகக் கூடாது என்று 2018-ல் என் பெரியம்மா மகளைப் பிளஸ் டூ முடித்த கையோடு தாய்மாமனுக்கே கட்டி வைத்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதல் மார்க். மாமா நல்லவர்தான், குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். இரண்டு பிள்ளைகள். "அவளுக்கு என்ன கொற, ராணியாட்டம் இருக்கா" என்று ஊரே சொல்கிறது. போன வருஷம் நான் அக்காவிடமே கேட்டேன். சோளம் உதிர்த்துக்கொண்டே சொன்னாள்: "என்னைக் கேட்டிருந்தாலும் சரின்னுதான்டி சொல்லியிருப்பேன். ஆனா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

நம் சரித்திர நாவல்கள் பலவற்றில் விட்டுப்போனது இந்த ஒரு வார்த்தைதான். முதலில் கட்டாயம், அப்புறம் ஊடல், அப்புறம் ஒரு போர், ஒரு காயம், அவள் மருந்து போடுகிறாள், உடனே காதல்! குமுதத்தில் தொடராக வந்த சாண்டில்யன் நாவல்களை எங்கள் தெரு டெய்லர் அண்ணன் பைண்டு பண்ணி வைத்திருக்கிறார். 'கடல் புறா' மூன்று பாகத்தையும் நானும் வாங்கிப் படித்தேன். கப்பல் சண்டை பிரமாதம்! ஆனால் ஒரு வீரனுக்கு இரண்டு நாயகிகள், இரண்டு பேரும் அவனுக்காகவே உருகுவார்கள். ஒரு நாயகிக்கு இரண்டு வீரர்கள் என்று யாராவது எழுதினால் சும்மா விடுவோமா?

வெளிநாட்டிலும் இதே கதைதானாம். இங்கிலாந்தில் ஜார்ஜெட் ஹேயர் என்ற எழுத்தாளர் 1934-ல் 'தி கன்வீனியன்ட் மேரேஜ்' என்றே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். எங்கள் ஆங்கில மேடம் கதை சொன்னார்கள். குடும்பக் கடனுக்காக அக்காவை ஒரு பிரபுவுக்குப் பேசுகிறார்கள். அக்காவுக்கோ வேறு ஒருவர் மேல் விருப்பம். பதினேழு வயதுத் தங்கை நேராக அந்தப் பிரபுவின் வீட்டுக்குப் போய், "அக்காவுக்குப் பதில் என்னைக் கட்டிக்குங்க" என்று பேரம் பேசுகிறாள்! மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து. இதுவும் வசதிக்குச் செய்த கல்யாணம்தான், ஆனால் அந்தப் பெண்ணாவது வாயைத் திறந்தாள்.

நம் பழைய இலக்கியத்தில் வாய் திறக்காத பெண்களைப் பார்க்க வேண்டுமானால் புறநானூற்றில் 336-ஆம் பாட்டிலிருந்து படியுங்கள். மகட்பாற்காஞ்சி என்று துறை. பெரிய அரசன் பெண் கேட்டு வருவான், அப்பன் தரமாட்டேன் என்பான், அரசன் படையோடு நிற்பான், ஊர் அழியப் போகிறதே என்று புலவர் வருந்துவார். அந்த 336-ஆம் பாட்டில் புலவர் அப்பனையும் அரசனையும் விட்டுவிட்டு, இப்படி ஒரு பெண்ணை வளர்த்ததற்காக அம்மாவை அறமில்லாதவள் என்கிறார்! நான் படித்த பாட்டுகளில் எல்லோரும் பேசுகிறார்கள், பெண் மட்டும் பேசவில்லை. பாரி மகளிரையும் நினைத்துப் பாருங்கள். அப்பா செத்த பிறகு கபிலர் அவர்களைக் கூட்டிக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் போய் இவர்களைக் கட்டிக்கொள் என்று கேட்கிறார். இருவரும் மறுக்கிறார்கள். கபிலர் நல்ல மனசோடுதான் போனார். எங்கள் ஊர் தரகர்கூட நல்ல மனசுக்காரர்தான்.

சிவகாமி விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடர் முடிந்தது 1946. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடை செய்து சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947. அதற்காகப் பாடுபட்டவர்களில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒருவர். 1936-லேயே தாசி முறையை எதிர்த்து ஒரு நாவலும் எழுதியவர். சிவகாமி தானாக விரும்பித்தான் போனாள், அது வேறு. ஆனால் போவதற்கு அவளுக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது?

அந்த அம்மையார் பேரில்தான் 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. எங்கள் அக்காவுக்கு அதில்தான் தாலிக்குத் தங்கம் கிடைத்தது. 2022-ல் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேலே படிக்க மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். என் பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அதுதான். ஒரே அம்மையார் பேர், அக்காவுக்குத் தாலி, எனக்குப் படிப்பு! நாலைந்து வருஷம் பிந்திப் பிறந்ததில் எனக்கு இந்த லாபம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். இந்த வருஷம் எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. பதினெட்டு ஆனால் கட்டி வைக்கலாம் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். இஷ்டமில்லாதவளை மிரட்டிக் கட்டி வைத்தால் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி, மிரட்டல் நின்ற ஒரு வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம் என்று அதே 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தில் இருப்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் யார் மிரட்டுகிறார்கள்? அம்மா அழுவாள், ஆத்தா "நான் கண்ண மூடறதுக்குள்ள" என்பாள், அவ்வளவுதான். கண்ணீருக்குச் செக்ஷன் நம்பர் கிடையாது.

அத்தை மகனுக்குப் பேச்சு நடக்கிறது. அப்பா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. கேம்பஸ் இன்டர்வியூ முடியட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போன எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி திரும்பி வரவே இல்லை. அவளுடைய ஹால் டிக்கெட் ரொம்ப நாள் ஆபீஸ் ஜன்னலில் கிடந்தது.

பையன்களே, இது பொண்ணுங்க விஷயம் என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். தங்கச்சி கல்யாணக் கடனை அடைக்க வரதட்சணை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து தாலி கட்டப் போகிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? 1961-லிருந்தே அது குற்றம் என்று தெரிந்தும் வாங்கத்தானே போகிறீர்கள்? மாமல்லரைப் போல உங்களையும் ஒரு நாள் உட்காரவைத்து "குடும்பத்துக்காகடா" என்பார்கள். அப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பார்த்து, "உனக்குச் சம்மதமா?" என்று ஒரு தடவை, தனியாக, அவள் அப்பா அண்ணன் இல்லாத இடத்தில் கேளுங்கள். பஜ்ஜி ஆறிப்போனால் பரவாயில்லை.

இந்த நாவல்களைக் கொளுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தமிழ் ஒழுங்காக எழுத வந்ததே கல்கியால்தான். கும்பகோணம் பக்கம் பட்டீஸ்வரத்தில், ராஜராஜன் மனைவி பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. அவள் பழுவேட்டரையர் வீட்டுப் பெண், ராஜேந்திரனுக்குச் சிற்றன்னை. அவளையும் அரசியலுக்காகத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பெறாத பிள்ளை கோயில் கட்டுகிற அளவுக்கு அவள் எப்படி வாழ்ந்தாள், என்ன நினைத்தாள்? அதை நாயகியின் வாயாலேயே சொல்கிற ஒரு நாவல் வேண்டும் எனக்கு. வானமாதேவி வாயால் சொன்னாலும் சரி. யாராவது எழுதியிருந்தால் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள், கடைசிக்கு முந்தின பெஞ்ச். ஏப்ரல் வரைக்கும் அங்கேதான் இருப்பேன்.