முறுக்கின் மீது விழும் பழி

பல்லில் ஒட்டிய பிராக்கெட் கழன்று விழுந்தால் குற்றவாளி யார் என்ற வினாவுக்கு நம் ஊரில் விடை முன்பே எழுதப்பட்டிருக்கிறது: முறுக்கு. முறுக்கு இல்லையெனில் சீடை. அதுவும் இல்லையெனில் கரும்பு. பிள்ளை தலைகுனிந்து நிற்கும். பெற்றோர் அதட்டுவர், மீண்டும் ஒட்டுவதற்குப் பல இடங்களில் பணமும் கட்டுவர். விசாரணையே இல்லாமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கடினமானதைக் கடித்தால் பிராக்கெட் கழலும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு காரணம் மட்டுமே. மற்றவை மருத்துவரின் கையில் இருப்பவை.

பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைப் பதப்படுத்தினால் பிசின் அதில் நன்கு பற்றிக்கொள்ளும் என்று 1955இல் காட்டியவர் மைக்கேல் புவோனோகோர். இன்று ஏறத்தாழ 37 சதவீத அமிலத்தை 15 முதல் 30 வினாடி வரை வைக்கிறார்கள். அது எனாமலில் உண்டாக்கும் நுண்குழிகளுக்குள் பிசின் இறங்கி இறுகுவதே பிடிமானம். உலர்த்திய பல்லில் மறுபடி எச்சில் பட்டால் குழிகள் அடைபட்டுவிடும். கழுவி, மீண்டும் அமிலம் வைத்து, மீண்டும் உலர்த்தத்தான் வேண்டும். அந்தச் சில நிமிடங்களை மிச்சம் பிடிப்பவருக்கு முறுக்கு வசதியான சாக்கு.

அடுத்தது ஒளி. இரு பொருள்களைக் கலந்து ஒட்டும் பழைய முறையில், கலந்த கணமே பசை இறுகத் தொடங்கிவிடும். ஒளியால் இறுகும் பசையிலோ, கேம்பர்குயினோன் என்னும் பொருள் 470 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்காகக் காத்திருக்கிறது. பிராக்கெட்டைச் சரியான இடத்தில் பொருத்த மருத்துவருக்கு அவகாசம் கிடைக்கிறது. இந்த அவகாசமே ஒளி தந்த கொடை; விளக்கு விளம்பரங்களோ வினாடிக் கணக்கில் வேகத்தை விற்கின்றன. உலோகத்தை ஒளி ஊடுருவாது. ஓரங்கள் வழியாகவும் பல்லின் ஊடாகவும்தான் அது அடிப்புறத்தை எட்டவேண்டும். விளக்கின் முனை விலகினாலோ நேரம் குறைந்தாலோ நடுவில் பசை அரைகுறையாகவே இறுகும்.

இதற்குச் சாட்சியும் உண்டு. பசை முழுவதும் பிராக்கெட்டோடு வந்து பல் வெறுமையாக இருந்தால், ஈரத்தையும் அமிலப் பதத்தையும் முதலில் சந்தேகிக்கவேண்டும். பசை பல்லிலேயே தங்கி பிராக்கெட் மட்டும் வந்திருந்தால், ஒளி அடிவரை சென்றதா என்று கேட்கவேண்டும். பல்லில் எஞ்சும் பசையை 0 முதல் 3 வரை மதிப்பிடும் அளவுகோலை ஆர்துனும் பெர்க்லாண்டும் 1984இலேயே வகுத்துவிட்டனர். அதைக் கொண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. விசாரணையைத் தொடங்க அது போதும்.

'இன்னும் வலுவான பசை வந்தால் தீரும்' என்பார் உண்டு. தீராது. 6 முதல் 8 மெகாபாஸ்கல் பிடிமானமே போதும் என்று 1975இல் ரெனால்ட்ஸ் எழுதினார். ஒரு நாள் கழற்றியாக வேண்டிய பசை இது. பிடி மிகுந்தால் எனாமல் பெயரும். பெயர்ந்த எனாமல் மீண்டும் வளராது. ஒவ்வொரு மறு ஒட்டலுக்கும் பழைய பசையைச் சுரண்டுவதும் அமிலம் வைப்பதும் அதே எனாமலின் மீதுதான்.

ஆகவே பெற்றோரே, 'என்னடா தின்றாய்?' என்று பிள்ளையை அதட்டுமுன், 'பசை எங்கே இருக்கிறது?' என்று மருத்துவரைக் கேளுங்கள்.