பெயரில் கொம்பு இடம் மாறினால்

ஓவியப் போட்டியோ, இணையவழிக் கருத்தரங்கோ, இன்று சான்றிதழ் தயாராகும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். ஓரச் சித்திரம், முத்திரை, தலைவரின் கையெழுத்து எல்லாம் அமைந்த பிடிஎஃப் ஒன்று முன்பே இருக்கும்; பெயர் வரவேண்டிய கோடு மட்டும் காலி. எக்செல் பட்டியலிலிருந்து பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கோட்டின்மேல் ஏற்றுகிறது ஒரு சிறு மென்பொருள். ஆயிரம் சான்றிதழ்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் பெயர் போட்டால் தொல்லை இல்லை. தமிழில் போடும்போதுதான் வம்பு.

‘செல்வி’யின் ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் லகரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ‘முத்து’வில் மகரம் தனியே நிற்க, உகரக் குறி பக்கத்தில் தொங்குகிறது. ‘கோமதி’யின் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் அமையாமல் வலப்பக்கமாகக் குவிகின்றன, சில எழுத்துருக்களில் நடுவே ஒரு புள்ளிவட்டம் வேறு. பரிசு வாங்கிய பிள்ளை தன் பெயரையே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

1993-ல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பிடிஎஃபின் நோக்கம், எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்பது. அதனால் கோப்புக்குள் இருப்பது பெரும்பாலும் ‘இந்த எழுத்துருவின் இன்ன வடிவத்தை இன்ன இடத்தில் வை’ என்ற கட்டளைதான். யூனிகோடிலோ கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் நகர்த்தி, உகரத்தை மகரத்தோடு பிணைத்து, உரிய வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது தனி வேலை. குரோமிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஹார்ஃப்பஸ் என்ற இலவச மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. பிடிஎஃபில் எழுத்தை ஏற்றும் கருவிகள் பலவும் அந்த வேலையைத் தாமாகச் செய்வதில்லை. கேட்டால்தான் செய்யும், சில கேட்டாலும் செய்யாது.

ஏற்கெனவே உள்ள எழுத்தைத் திருத்தப் போனால் இன்னொரு சிக்கல். கோப்பின் அளவைக் குறைக்க, பக்கத்தில் பயன்பட்ட வடிவங்களை மட்டும் எழுத்துருவிலிருந்து எடுத்துச் சேர்ப்பது வழக்கம். ‘கண்ணன்’ மட்டும் இருந்த கோப்பில் ‘கண்ணம்மா’ என்று மாற்ற முயன்றால் மகரமே இருக்காது. பிடிஎஃபுக்கென்று வகுக்கப்பட்ட 14 அடிப்படை எழுத்துருக்களிலும் தமிழ் கிடையாது. ஆகவே தமிழ் எழுத்துருவைப் புதிதாகச் சேர்த்தே ஆகவேண்டும்.

கொம்பு இடம் மாறுவதற்கு டிடிபி கடைகளில் பழைய வைத்தியம் உண்டு. பாமினி போன்ற எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்தால் கொம்பு சரியாக நிற்கும். ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். பெயரைத் தேடினால் கிடைக்காது. பெயரைப் படமாக ஒட்டுவதும் அப்படித்தான். பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அந்த இடத்தில் ஊமையாகிவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமான வைத்தியம், ‘பெயரை ஆங்கிலத்திலேயே போட்டுவிடலாமே’ என்பது. விழாவின் பெயர் தமிழில், வாழ்த்துரை தமிழில், வென்றவரின் பெயர் மட்டும் ஆங்கிலத்தில்! செலவு அதிகம் என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. எஃப்பிடிஎஃப்2 என்ற இலவசப் பைத்தான் கருவியில் 2023 முதல் ஹார்ஃப்பஸைத் துணைக்கு அழைக்கும் வசதி இருக்கிறது. நிரல் எழுதுபவர் கூடுதலாகச் சேர்க்கவேண்டியது ஒரே வரி. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-ல். அதன்பின் வந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியவில்லை என்றால் குறை வாங்கியவரிடமும் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. கொடைக்கானல், தூத்துக்குடி, ஸ்ரீரங்கம், முத்துலட்சுமி என்று நாலு பெயரைக் கொடுத்து அச்சிடச் சொல்லலாம். பார்வைக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பெயர்களை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பார்க்கவேண்டும். ‘கொ’ இருந்த இடத்தில் ‘ெகா’ வந்தால், வடிவம் சரியாகி எழுத்து வரிசை கெட்டிருக்கிறது என்று பொருள். அதைத் திருத்தித் தரும்வரை பில்லை நிறுத்திவைப்பதில் தவறில்லை.