மணி என்றொரு டாக்டர்

கணக்கில் அரியர் விழுந்த அன்று ஊருக்கே போயிடலாம் என்று பெட்டி கட்டினேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்; அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. தாம்பரத்தில் அறை வாசலில் கிடக்கும் தெருநாய் மணியிடம்தான் சொன்னேன். என் செருப்பு மேல் தலையை வச்சுப் படுத்துக்கிச்சு. பஸ் ஏறவில்லை.

சிரிக்காதீங்க. 1991-ல் ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 'டாக்டர் டாக்' என்று நாய்களை நோயாளிகளிடம் அழைத்துப் போனார். கிண்டி புளூ கிராஸ் அதைச் சென்னைக்கும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் மனநோயாளிக்கு உதவப் பழக்கிய நாய் பொது இடங்களில் நுழையச் சட்டமே உண்டு. வெறும் ஆறுதல் தரும் நாய்க்கு அது கிடையாது. மணிக்கோ பிஸ்கட் கேட்கத்தான் தெரியும்! மருந்து வேண்டியவர் டாக்டரிடம்தான் போகணும், சரி. ஆனால் வீட்டுக்காரர் மணியை விரட்டச் சொல்வது நியாயமில்லை. ஆளுக்குப் பத்து ரூபாய் போடுங்க, வெறிநாய்த் தடுப்பூசி போட்டுட்டு அவரிடம் நானே பேசுறேன்.