மூலை தின்ற மூன்று சென்டிமீட்டர்

போன ஞாயிறு அக்கா வீட்டில் சாப்பாடு. காலை நிகழ்ச்சிக்காக நாலரைக்கே எழுந்த தூக்கக் கலக்கம் வேறு. உயர்நிலை இரண்டில் படிக்கும் அக்கா மகள் நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"சித்தி, அடுத்த வருஷம் ஏ மேத்ஸ் எடுக்க மாட்டேன். எனக்குக் கணக்கு வராது."

நோட்டில் ஒரு செங்கோண முக்கோணம். பக்கங்கள் 6, 8, 10 சென்டிமீட்டர். அதனுள்ளே, எல்லாப் பக்கத்திலும் 1 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு முக்கோணம். இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்பு எவ்வளவு?

"இவ்வளவுதானா? இரண்டு முனையிலும் ஒவ்வொன்று குறையும். ஆக 4, 6. பெரியது 24, சின்னது 12. மிச்சம் 12" என்றேன். ஒலிவாங்கி முன் பேசிப் பழகிய குரல், தவறையும் செய்தி மாதிரி வாசிக்கும். அவளும் அதைத்தான் எழுதி மதிப்பெண்ணை இழந்திருந்தாள்!

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். முப்பது வருடம் ரவிக்கை தைத்தவர். "கூர் மூலை துணியை அதிகம் தின்னும்டி. அளந்து பாரு" என்றார்.

அளந்தோம். 8 சென்டிமீட்டர் பக்கத்தில், செங்கோண மூலை தின்றது 1. கூரான மூலை தின்றதோ 3! உள்ளே மிஞ்சியது 4தான். மற்ற இரண்டும் 3, 5. அம்மா மூலைக்கு மூலை கோடு போட்டு, ஓரத்தை மூன்று பட்டிகளாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர் அகலச் சரிவகம். 7.5, 6, 4.5. கூட்டினால் 18.

அக்கா மகள் அமைதியாகப் படத்தையே பார்த்தாள். "எல்லாமே பாதி சித்தி! 6க்கு 3, 8க்கு 4, 10க்கு 5. பக்கம் பாதியானால் பரப்பு கால்வாசி. 24இல் 6 போனால் 18."

ஏன் சரியாகப் பாதி என்றும் அவளே கண்டுபிடித்தாள். பரப்பு 24ஐ, சுற்றளவில் பாதியான 12ஆல் வகுத்தால் 2. மூன்று பக்கத்தையும் தொடும் உள்வட்டத்தின் ஆரம் அது. ஓரம் 1 என்றால், ஒவ்வொரு பக்கமும் வட்ட மையத்தை நோக்கிப் பாதி தூரம் நகர்ந்திருக்கிறது. எனக்கு இது புரிய இரண்டு தே தாரிக் தேவைப்பட்டது.

ஏ மேத்ஸ் பற்றி அவள் இன்னும் முடிவு சொல்லவில்லை. நேற்றிரவு வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. 5, 12, 13 முக்கோணம், அதே 1 சென்டிமீட்டர் ஓரம். "இதிலும் ஆரம் 2தான் சித்தி. விடை 22.5, சரியா?"

அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் சரி என்று பதில் போட்டேன்.