அடைமழை நாட்களின் அடுப்படிக் கணக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையும் சுற்றுவட்டாரமும் மூழ்கியபோது, பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் தரப்பட்டது. அடுத்த ஆண்டு ஃபெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் 2,000 ரூபாய். தொகை போதுமா என்ற விவாதம் இருக்கட்டும். கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புயலும் இல்லாமல், ஏரியும் உடையாமல், ஐந்தாறு நாள் வானம் மூடிக்கொண்டு நசநசவென்று பெய்கிற மழைக்கு நிவாரணம் என்று யாரும் வாய் திறப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் இந்த மழைதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஏரிக்கும் வயலுக்கும் அது வரம். நாள்கூலிக் குடும்பத்துக்கோ அது மூன்று மாத வருமானக் குறைவு.

அந்தக் குறைவை யார் ஈடுகட்டுகிறார்கள்? வீட்டில் உலை வைக்கிற பெண். செலவை இறுக்கியும், கடனைப் புரட்டியும், தன் பங்குச் சோற்றைக் குறைத்தும் அவர் அதைச் சமாளிக்கிறார். 'சிக்கனமான குடும்பம்' என்று நாம் மெச்சிக்கொள்கிறோம். அந்தப் பாராட்டின் மறைவில் ஒரு பொதுப் பொறுப்பு ஒரு தனி மனுஷியின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதே என் வாதம்.

மழைக்காலச் சிக்கனம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. கிராமத்தில் அதற்கு ஒரு முழு ஏற்பாடே இருந்தது, அது தொடங்கியது கோடையில். பங்குனி, சித்திரை வெயிலில் கத்தரி, கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி எல்லாம் வற்றலாகும். மாங்காய் உப்பில் புரண்டு மாவற்றலாகும். கூழ் காய்ச்சி வடகம் பிழிவார்கள். விதைப்புளியைக் கொட்டை எடுத்து, உப்பு தூவிப் பானையில் அடைப்பார்கள். துவரையைச் செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்தால் வண்டு அண்டாது. வேண்டும்போது திருகையில் உடைத்துக்கொள்ளலாம். எரு முட்டையும் விறகும் அடுப்புக்கு மேலே பரணில் ஏறும், அடுப்புச் சூட்டிலேயே உலர்ந்து கிடக்கும். கரையோரத்தில் கருவாடு. காய்கறி விலை ஏறும் ஐப்பசியில் ஒரு கை வற்றலும் ஒரு உருண்டைப் புளியும் இருந்தால் குழம்பு ஆயிற்று. கொள்ளை வேகவைத்த தண்ணீர் ரசமாகும், கொள்ளு துவையலாகும். ஒரே தானியத்தில் இரண்டு பதார்த்தம்.

இந்த ஏற்பாட்டை நான் ஏக்கத்தோடு மட்டும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு முற்றம் இருந்தது, பரண் இருந்தது, புளிய மரத்தில் பங்கோ விளைச்சலில் கூலி நெல்லோ இருந்தது. அவை எதுவும் வாய்க்காத குடும்பங்கள் அன்றும் மழையில் பட்டினி கிடந்தன. சேமிப்பதற்கு முதலில் மிச்சம் வேண்டும், பிறகு வைக்க இடம் வேண்டும்.

நகரத்தில் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு இரண்டும் இல்லை. மொட்டை மாடி வீட்டுக்காரருடையது. மொத்தமாக மளிகை வாங்கக் கையில் பணம் சேர்வதில்லை. அன்றைய கூலியில் அன்றைக்கு வேண்டிய பருப்பு, அன்றைக்கு வேண்டிய எண்ணெய். சிறு பொட்டலமாக வாங்குவதில் கிலோவுக்குக் கொடுப்பது எப்போதும் கூடுதல்தான். ஷாம்பு பாக்கெட் இந்தியாவெங்கும் பரவ வழிகாட்டிய சின்னி கிருஷ்ணன் நம் கடலூர்க்காரர். ஏழைக்கும் எட்டட்டும் என்ற அந்த எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் துவரம்பருப்பையும் சீரகத்தையும் அதே அளவில் வாங்கும் நிலை, வறியவரைக் கூடுதல் விலை கொடுக்க வைக்கிறது. மழை நாட்களில் இது இன்னும் மோசம். 2021 நவம்பரில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, வேலை இருந்தவர்கள் முணுமுணுத்தபடி வாங்கினார்கள். வேலை இல்லாதவர்கள் புளியைக் கூடக் கரைத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் நியாய விலைக் கடையின் அருமை தெரிகிறது. வருமான வரம்பு பார்க்காமல் எல்லோருக்கும் அட்டை, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி, கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். வெளிக்கடையில் இதற்குப் பல மடங்கு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் மழைக்காலம் பசிக்காலமாக மாறாமல் இருப்பதற்கு முதல் காரணம் இந்தக் கடைதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆயினும் அரிசி சோறாக வேண்டுமே. அதற்கு எரிபொருள் வேண்டும்.

ஈர விறகு பற்றிக்கொள்ளாது, புகையும். முன்பு அதன்மேல் ஒரு கரண்டி ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். பம்பு ஸ்டவ்வும் அதில்தான் எரிந்தது. அந்த ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, பெரும்பாலான அட்டைகளுக்கு இல்லாமலே போய்விட்டது. மாற்றாகச் சமையல் எரிவாயு வந்தது. புகையில்லாத அடுப்பு பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 14.2 கிலோ சிலிண்டருக்கு முழு விலையையும் ஒரே தடவையில் நீட்ட வேண்டும். விறகையும் மண்ணெண்ணெயையும் அன்றாடக் கூலியில் அன்றாடம் வாங்க முடிந்தது. வேலையில்லாத வாரத்தில் சிலிண்டர் தீர்ந்தால் என்ன ஆகும்? குளிக்க வெந்நீர் கிடையாது, பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் கிடையாது. காலையில் வடித்த சோறுதான் இரவுக்கும், சூடு காட்டாமல்.

வடசென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு சித்தாள் அக்கா இருக்கிறார். கணவர் இல்லை, பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள். மழை நாட்களில் அவர் வீட்டில் அதிக நேரம் பிடிக்கும் வேலை துணி காயவைப்பது. அறையின் குறுக்கே கட்டிய கொடியில் சீருடைப் பாவாடைகளைப் பிழிந்து போட்டு, கீழே படுத்திருக்கும் பிள்ளைகள்மேல் சொட்டாதபடி ஒரு பழைய லுங்கியை விரித்துவைக்கிறார். விடியற்காலை எழுந்து, இடுப்புப் பட்டியிலும் மடிப்பிலும் தேங்கிய ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து எடுக்கிறார். அரசு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை தருவதால்தான் தாக்குப்பிடிக்க முடிகிறது என்று அவரே சொன்னார். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது நமக்குத் தெரியும். அந்த அக்காவுக்கு அது எட்டுவதில்லை. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். உள்ளே தனி மீட்டர் மாட்டி யூனிட்டுக்கு அவர் வைத்ததே விலை. ஈரப் பாவாடையைத் தேய்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்குக் காசு. சலுகை என்ற பெயரில் அரசு விட்டுக்கொடுக்கும் பணம் வாடகைதாரரைச் சேரும் முன்பே நின்றுவிடுகிறது. வாடகைக்குக் குடியிருப்போருக்குத் தனி இணைப்பை எளிதாக்காமல் இந்தச் சிக்கல் தீராது.

அந்த அக்காவின் வேலை கிடைப்பதும் காலை எட்டு மணிக்குள்தான் முடிவாகிறது. கொத்தனார்களும் சித்தாள்களும் கூடி நிற்கும் முச்சந்தியில் அந்த நேரத்தில் தூறல் விழுந்தால் மேஸ்திரி வருவதில்லை. பத்து மணிக்கு வெயில் அடித்தாலும் அன்றைய கூலி போனது போனதுதான். வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் அது மழை நாள். அதற்குக் குறைவாகப் பெய்த நாட்களிலும் இந்த முச்சந்தி வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழித்தறியில் ஈரம் ஊறும். சாத்தூர், கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி வேலைக்கு வெயில் வேண்டும். அப்பளம் இடுபவருக்கும், பானை வனைபவருக்கும், நடைபாதையில் கடை விரிப்பவருக்கும் கதை இதுதான். செங்கல் சூளைகளில் மழை தொடங்கினால் அறுப்பு நின்றுவிடும். சூளைக் குடும்பங்கள் ஊர் திரும்பி, வேலையில்லாத அந்த மாதங்களில் சாப்பிட வாங்குகிற முன்பணம்தான் அடுத்த பருவத்தில் அவர்களைச் சூளையோடு கட்டிப்போடுகிறது. கொத்தடிமை முறை 1976 சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிச் சூளைகளிலிருந்து குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தச் செய்திகளில் எல்லாம் கடனின் தொடக்கத்தைத் தேடிப் பார்த்தால், பெரும்பாலும் மழைக்கால அரிசிச் செலவோ மருந்துச் செலவோ தென்படும்.

நகரத்தில் அந்த இடத்தைத் தண்டல் பிடித்திருக்கிறது. 10,000 ரூபாய் என்று பேசி, ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ முன்கூட்டியே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தால் வேலைக்கு விடுமுறை, தண்டலுக்கு விடுமுறை இல்லை. இதே மழைக்காலத்தில்தான் தீபாவளியும் வருகிறது. பிள்ளைக்கு ஒரு புதுத்துணி எடுத்ததை ஊதாரித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது, வேண்டிய சட்டம். ஆயினும் கடன் வாங்கும் தேவை குறையாதவரை அது வாசலில் நடக்கும் அவமானத்தைத்தான் குறைக்கும். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் முதல் வருகிறது. ஒரு சிலிண்டரும் சில நாள் பாலும் அதில் அடங்கிவிடுகின்றன. போன கூலியை அது ஈடுகட்டாது.

மழைக்கால வருமான இழப்பு பொதுப் பொறுப்பே என்பதை இந்த மாநிலம் இரண்டு தொழில்களில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. மீனவப் பெண்களின் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் பயனாளி 1,500 ரூபாய் சேமிக்கிறார். அரசு 3,000 சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் தருகிறது. தெருவுக்குத் தெரு பெண்கள் நடத்தும் தீபாவளிச் சீட்டோடு அரசும் கை சேர்த்ததுபோன்ற ஏற்பாடு. இரண்டாவது, உப்பளம். தூத்துக்குடி உள்ளிட்ட மாவட்டங்களில் மழையால் பாத்திகள் கரைந்து கிடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்காக, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் 2022 முதல் தரப்படுகிறது. உப்பளத்தில் வேலை நின்றால் நிவாரணம் உண்டு. பக்கத்தில் கட்டப்படும் வீட்டில் வேலை நின்றால் இல்லை. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் கட்டுமானத் தொழிலைப் பொறுத்தவரை பதில் இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கிவைத்த முறையில் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டுக்குக் குறையாமல் தொழிலாளர் நலத் தீர்வை வசூலிக்கப்படுகிறது. 2021 நவம்பரில் காற்று மாசால் டெல்லியிலும் அதைச் சுற்றியும் கட்டுமானப் பணிகள் நிறுத்தப்பட்டபோது, அந்தத் தீர்வைப் பணத்திலிருந்து தொழிலாளர்களுக்குப் பிழைப்பூதியம் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புகையால் நின்ற வேலைக்குத் தரலாம் என்றால் மழையால் நின்ற வேலைக்கும் தரலாம். நம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. பதிவேடு இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. எந்த வட்டத்தில் எத்தனை நாள் மழை என்பதை மழைமானிகள் சொல்லும். குஜராத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உறுப்பினர்களின் கணக்கில் தானாகப் பணம் சேரும் காப்பீட்டை நடத்திக் காட்டியிருக்கிறது. விண்ணப்பம், சான்று, அலைச்சல் இல்லாத அந்த முறையை மழைக்குப் பொருத்துவது கடினமல்ல. பதிவே இல்லாதவர்களும், அப்பளமும் தீப்பெட்டியும் செய்யும் வீட்டுத் தொழிலாளர்களும் விடுபடுவார்கள் என்பது உண்மை. அவர்களைப் பதிவேட்டில் சேர்க்கும் வேலை ஆடி, ஆவணியில் நடக்க வேண்டும்; நிவாரணம் அறிவித்த பிறகு வரிசையில் நிற்கவைக்கக் கூடாது.

இதைவிட அவசரமானது பிள்ளைகளின் சாப்பாடு. கனமழை என்றால் ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். பாதுகாப்புக்கு அது தேவை. ஆனால் அரசுப் பள்ளியில் விடுமுறை என்றால், 2022 முதல் கிடைக்கும் காலை உணவும் மதியச் சத்துணவும் முட்டையும் அன்று இல்லை. அம்மாவுக்குக் கூலி போன அதே நாளில் பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாடும் போகிறது. வீட்டுச் செலவு கூடுவதும் வரவு நிற்பதும் ஒரே காலையில். தொடர்ந்து மூன்று, நான்கு நாள் விடுமுறை விட்ட ஆண்டுகளும் உண்டு. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது சத்துணவுக்கு ஈடாக அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்கே கொடுத்து இந்த அரசு நிர்வாகம் பழகியிருக்கிறது. அதே முறையில், அக்டோபர் முதல் வாரத்திலேயே ஐந்து நாளுக்கான அரிசியும் பருப்பும் சுண்டல் கடலையும் அடங்கிய ஒரு பையைச் சத்துணவுப் பதிவேட்டில் பெயருள்ள ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்தனுப்பலாம். விடுமுறை ஐந்து நாளைத் தாண்டினால் நவம்பரில் இன்னொரு பை. விடுமுறையால் சமைக்காமல் மிஞ்சும் அரிசியே இதற்குப் பெரும்பகுதி போதும். கூடுதலாக வேண்டியது பருப்புக்கும் கடலைக்குமான செலவும், அடுத்த அக்டோபருக்குள் ஓர் அரசாணையும்.