குப்பைத் தொட்டியும் பூந்தொட்டியும்



நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அண்மையில் ஒரு சிறிய வேலை கொடுத்தேன். மூன்று நாள்களுக்கு வீட்டில் வீசப்படும் உணவை ஒரு தாளில் குறித்து வர வேண்டும். அவ்வளவுதான். மறுநாள் மாலையே ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்துவிட்டார். "டீச்சர், எங்க வீட்டுக் குப்பைய நீங்க ஏன் பார்க்கணும்? பிள்ளைக்குக் குறையில்லாமத்தான் போட்டு வளர்க்கிறோம்" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

யோசித்துப் பார்த்தேன். பிழை என்னுடையதுதான். பிறர் வீட்டு அடுக்களையைக் கேட்பதற்கு முன் என் வீட்டு அடுக்களையைக் காட்டியிருக்க வேண்டும். மறுநாள் வெண்பலகையில் என் பட்டியலை எழுதினேன். குளிர்பதனப் பெட்டியின் அடியில் அழுகிக் கிடந்த அரைக்கட்டுக் கொத்தமல்லி, புளித்துப்போன இட்லி மாவு, இரண்டு நாள் சாம்பார், மலிவு விலை என்று வாங்கி மறந்துபோன கேரட். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு தாள்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

பெரும்பாலானவற்றில் சோறுதான் முதலிடம். ரொட்டியின் ஓரங்கள், காய்ந்த கறிவேப்பிலை, வெள்ளிக்கிழமை விரதச் சமையலில் மிஞ்சியவை எனப் பட்டியல் நீண்டது. ஒரு மாணவி மட்டும், "எங்கள் வீட்டில் ஒன்றும் வீசுவதில்லை. மிச்சத்தைப் பாட்டி சாப்பிட்டுவிடுவார்" என்று எழுதியிருந்தாள். அந்த வரியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. உணவு வீணாகவில்லை என்பது உண்மைதான். ஆனால், அந்த வீட்டில் அளவு தவறிச் சமைப்பதன் விலையை யாருடைய உடம்பு கொடுக்கிறது? நம்மில் எத்தனை வீடுகளில் இனிப்புநீர் நோயுள்ள மூதாட்டிகளே மிச்சச் சோற்றுக்குப் பொறுப்பாளர்களாக இருக்கிறார்கள்!

நாட்டின் கணக்கும் சிறியதன்று. மலேசியாவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17,000 டன் உணவுக் கழிவு சேர்வதாகத் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகக் கழகம் கூறியுள்ளது. அதில் ஏறக்குறைய 4,000 டன் இன்னும் உண்ணத்தக்க நிலையில் இருப்பது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் சோற்றிலிருந்து மீத்தேன் வாயு வெளியாகிறது. மறுபுறம், 2020ஆம் ஆண்டில் மட்டும் 5,550 கோடி ரிங்கிட் மதிப்புள்ள உணவுப் பொருள்களை நாம் இறக்குமதி செய்தோம். அதே ஆண்டு மார்ச்சில், நடமாட்டக் கட்டுப்பாட்டின் தொடக்க நாள்களில், கேமரன் மலையில் வாங்க ஆளின்றிக் காய்கறிகள் கொட்டப்பட்ட படங்களைப் பார்த்திருப்பீர்கள். விளைந்த இடத்திற்கும் உண்ணும் வாய்க்கும் நடுவே எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்பதை அன்று உணர்ந்தேன்.

இந்தத் தூரத்திற்கு நாமும் ஒரு காரணம். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். "படிக்கலன்னா மண்வெட்டி தூக்கத்தான் போவே" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. ஆசிரியரான பின்னர் நான் என்ன செய்தேன்? வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பள்ளித் தோட்டத்தில் புல் பிடுங்க அனுப்பினேன். பல ஆண்டுகள் அனுப்பினேன். மண்ணைத் தண்டனையாக்கிவிட்டு, பிறகு அறிவியல் பாடத்தில் பச்சைப்பயற்றைப் பஞ்சில் முளைக்க வைத்து, "தாவரங்களை நேசிப்போம்" என்றால் எந்தப் பிள்ளை நம்பும்? திருக்குறள் மனனப் போட்டியில் உழவு அதிகாரத்தின் பத்துக் குறளையும் தடுமாறாமல் ஒப்பித்த மாணவன், வெண்டைச் செடியைக் காட்டியபோது பெயர் தெரியாமல் விழித்தான். நான் அவனைக் குறை சொல்லவில்லை.

பள்ளித் தோட்டப் போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். முன்பு நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், நீதிபதிகள் வருவதற்கு முதல் நாள், நன்கு வளர்ந்த செடிகளை நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி வந்து வரிசையாக அடுக்கினோம். பரிசும் கிடைத்தது. "இதை எப்ப டீச்சர் சாப்பிடுவோம்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். யாரும் சாப்பிடவில்லை. பள்ளி விடுமுறையில் கீரை முற்றிப் பூத்துக் காய்ந்தது. யூபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் நேரமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். 2021இல் அத்தேர்வும் நீக்கப்பட்டுவிட்டது.

என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டின் பின்புறம் பாத்திரம் கழுவிய நீர் ஓடும் வழியில்தான் வாழையும் கறிவேப்பிலையும் நின்றன. அரிசி களைந்த நீர் மாட்டுக்கு, காய்கறித் தோல் குழிக்கு. வீட்டுக்கு வீடு பயிரிடச் சொல்லி 1974இல் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கியது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவருக்குத் திட்டம் எதற்கு? ஆனாலும் அந்த வாழ்க்கை திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கூலி போதாததால்தான் அவர் கீரை விதைத்தார். அந்த வறுமையை அழகுபடுத்திப் பேசுவது நியாயமன்று.

இன்று நம் குடும்பங்கள் பல அடுக்குமாடி வீடுகளில் இருக்கின்றன. முருங்கை நட இடமில்லை. ஒரு தொட்டிக் கங்கோங், ஒரு வேளைப் பிரட்டலுக்குத்தான் வரும். வீட்டுத் தோட்டம் போட்டால் மாதச் செலவு பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் மிஞ்சுவது சோற்றுப் பானையில். அரைக் குவளை அரிசியைக் குறைத்துப் போடுவதில். விருந்தினர் வந்தால் மிஞ்ச வேண்டும், மிஞ்சினால்தான் கௌரவம் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தளர்த்துவதில்.

அப்படியானால் தொட்டி எதற்கு? மாணவர்களின் தாள்களை மீண்டும் வாசித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. அழுகி வீசப்பட்டவற்றில் பல, கட்டுக் கட்டாக வாங்கியவை. ஒரு குழம்புக்கு வேண்டியது ஒரு கொத்துக் கறிவேப்பிலை. கடையில் கிடைப்பது ஒரு கட்டு. மிளகாய், பண்டான் இலை, செராய், வெங்காயத்தாள் எல்லாம் இதே கதைதான். ஆகவே, அழகான செடிப் பட்டியலைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். எது அடிக்கடி அங்கே போகிறதோ அதையே நடுங்கள். வேண்டியபோது வேண்டிய அளவு பறிக்கலாம். மீதி செடியிலேயே இருக்கும்.

வெங்காயத்தாளின் வேர்ப்பகுதியை இரண்டு விரற்கடை விட்டு நட்டால் போதும், மீண்டும் தழைக்கும். சந்தையில் வாங்கிய கங்கோங் தண்டைக் கணுவோடு ஊன்றினால் வேர்விடும். மூன்று நான்கு வாரத்தில் அறுக்கலாம். கொத்தமல்லி நம் வெயிலுக்குச் சீக்கிரம் பூத்துவிடும், அதனால் புதியவர்கள் அதில் தொடங்க வேண்டாம். மண்ணுக்கு உரமாக, துளையிட்ட வாளி ஒன்றில் காய்கறித் தோல் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கிளறி வாருங்கள். இறைச்சி, எண்ணெய்ப் பண்டம், பால் சேர்ந்தால் நாற்றமும் எலியும் வரும். அண்டை வீட்டார் சண்டைக்கும் வருவார்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து நீரைத் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவின் குடம்பி அதில் கண்டுபிடிக்கப்பட்டால், 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டம் கட்ட நேரிடும். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கு அது பெரிய விலை! பொது நடைபாதையை அடைத்துத் தொட்டி வைப்பதும் வேண்டாம். தீ விபத்து நேர்ந்தால் ஆள் ஓட வழி வேண்டும். துணி காயும் இடத்தில் நான்கைந்து மணி நேர வெயில் இருந்தால் போதுமானது.

என் வகுப்பில் இனி யாரும் தண்டனைக்காகப் புல் பிடுங்கப் போவதில்லை. வேலையை முறையாக முடித்தவர்கள்தாம் முதலில் தோட்டத்திற்குப் போவார்கள். தொலைபேசியில் அழைத்த தாயாரின் மகனும் தன் தாளைக் கொடுத்துவிட்டான். மூன்றே வரிகள். கடைசி வரியில் "ரம்பை இலை" என்று எழுதி, அடித்துவிட்டு, "பண்டான்" என்று அம்மாவின் கையெழுத்தில் திருத்தப்பட்டிருந்தது.

வரும் வெள்ளிக்கிழமை, மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவும் ஒரு பை காய்ந்த இலையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். "பள்ளிக்கூடத்துக்குக் குப்பையா கொண்டு போற?" என்று கேலி செய்யாமல் கொடுத்தனுப்புங்கள்.