திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்

1995 ஜூன் 10 இரவு, பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குச் சென்ற ‘ராயல் மெஜஸ்டி’ பயணிகள் கப்பல், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல்திட்டில் தட்டி நின்றது. கப்பலில் சுமார் 1,500 பேர். நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. புறப்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றிருந்தது. செயற்கைக்கோள் தொடர்பை இழந்த கருவி, வேகத்தையும் திசையையும் கொண்டு இருப்பிடத்தை உத்தேசமாகக் கணித்துக்கொண்டே போனது. அதைச் சொல்லும் சிறு எழுத்துகள் திரையிலேயே இருந்தும், சுமார் 34 மணி நேரம் மாறி மாறிப் பணியில் நின்ற அதிகாரிகள் ஒருவரும் கவனிக்கவில்லை. கப்பல் 17 மைல் விலகியிருந்தது. ரேடாரில் தெரிந்த ஏதோ ஒரு மிதவையை, எதிர்பார்த்த மிதவை என்றே நம்பினார்கள். அடுத்தது கண்ணில் படாமலேயே, பார்த்ததாகக் கேப்டனிடம் சொல்லப்பட்டது.

அன்று அவர்களிடம் “நிலைமை தெரிகிறதா?” என்று கேட்டிருந்தால், “நன்றாகத் தெரிகிறது” என்றுதான் பதில் வந்திருக்கும். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அறியாதவரிடம் தன்மதிப்பீடு கேட்டுப் பயனில்லை. மாலுமிகளின் பயிற்சிக்கான சர்வதேச விதிகளில் 2010 மணிலா திருத்தங்கள் சூழல் விழிப்பையும் ஒரு தகுதியாகச் சேர்த்தன. தகுதி என்று எழுதியாயிற்று. அதை அளக்க வேண்டாமா? அமெரிக்க ஆய்வாளர் மைக்கா எண்ட்ஸ்லி விமானிகளுக்காக வகுத்த முறை இதற்குப் பொருந்தும். சிமுலேட்டர் பயிற்சியை எதிர்பாராத நேரத்தில் நிறுத்தி, திரைகளை மறைத்துவிட்டுக் கேட்பார்கள்: சுற்றிலும் என்ன இருக்கிறது, அதன் பொருள் என்ன, சற்று நேரத்தில் என்ன ஆகும்? பதில்களை உண்மை நிலவரத்தோடு ஒப்பிடுவார்கள். நம்பிக்கைக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி அங்கே எண்ணாகத் தெரிந்துவிடும்.

இப்படி நிறுத்துவது கவனத்தைக் குலைக்கும் என்பது ஓர் ஆட்சேபம். போர் விமானிகளிடம் எண்ட்ஸ்லி நடத்திய சோதனைகளில் அப்படிப் பாதிப்பு தென்படவில்லை. இது வெறும் நினைவாற்றல் சோதனை என்பது இன்னொன்று. இதில் நியாயம் உண்டு. தேவைப்படும்போது திரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர் எல்லாவற்றையும் மனத்தில் சுமப்பதில்லை. ஆகவே எண்களை ஒப்பிக்கச் சொல்லாமல், அடுத்து நேரப்போவதைக் கேட்பதே சரி. அதோடு மாலுமியின் கண் எங்கே போகிறது என்பதையும் பதிவுசெய்யலாம். மூன்றாவது அச்சம், மதிப்பெண் தண்டனைக்கான ஆயுதமாகிவிடும் என்பது. அதுவே கனமானது. விழிப்பு மனிதரை மட்டும் பொறுத்ததல்ல. தூக்கம், ஆள் பற்றாக்குறை, திரை வடிவமைப்பு எல்லாம் அதில் சேரும். பலரும் ஒரே கேள்வியில் தவறினால் திருத்த வேண்டியது கருவியைத்தான். ராயல் மெஜஸ்டியில் அந்தச் சிறு எழுத்துகளைத் தவறவிட்டது ஒரே ஓர் அதிகாரி அல்லவே.